கஞ்சாச் செடியில் கன உலோகம்: அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

சட்டப்படி உரிமம் பெற்று நாருக்காகவோ விதைக்காகவோ மருந்துக்காகவோ கஞ்சாச் செடியைப் பயிரிடுகிறவர்களுக்குக் கன உலோகச் சிக்கல் பெரும்பாலும் அறுவடைக்குப் பிறகுதான், அதுவும் ஆய்வக அறிக்கையின் வடிவில்தான் தெரியவருகிறது. செடியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்புவோர் ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஜெர்மனியில் நடந்து 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேரில் கிலோவுக்கு 800 மி.கி.க்கு மேல் காட்மியம் என்ற கன உலோகம் சேர்ந்த பின்னும் இந்தச் செடியின் வளர்ச்சி ஏறக்குறையப் பாதிக்கப்படவில்லை. இலையிலும் தண்டிலும் 50 முதல் 100 மி.கி. வரை சேர்ந்தபோதுதான் செடி நலிந்தது. கலிபோர்னியாவில் புகையாக உள்ளிழுக்கும் பொருளுக்கான காட்மிய வரம்போ கிலோவுக்கு 0.2 மி.கி. ஆக, செடி வாடித் தன் நோயைச் சொல்வதற்குள் வரம்பைப் போல 250 மடங்கு உள்ளே போயிருக்கும். இலையில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை கன உலோகத்தால் வந்தவை அல்ல. கன உலோகம் மிகுந்த செடிகளில் பெரும்பாலானவற்றின் இலையில் குறை எதுவும் தெரிவதில்லை.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘கன உலோகம்’ என்று ஒரே பெயரில் அழைத்தாலும் காட்மியமும் ஈயமும் ஆர்சனிக்கும் பாதரசமும் மண்ணில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. ஒன்றை அடக்கும் மருந்து மற்றொன்றை அவிழ்த்துவிடும். எந்த உலோகம் என்று தெரியுமுன் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது

இது செடியின் இரும்புப் பசி. மண்ணில் இரும்பு இல்லாததால் வருவதைவிட, இருக்கும் இரும்பைச் செடியால் எடுக்க முடியாததால் வருவதே அதிகம். முதலில் வேர்ப்பகுதியின் பி.எச். அளவை, அதாவது அமில-காரத்தன்மையின் அளவை, பாருங்கள். அது 7.5ஐத் தாண்டியிருந்தால் காரணம் அங்கேயே கிடைத்துவிட்டது: காரத்தன்மை இரும்பைப் பூட்டி வைத்திருக்கிறது, கன உலோகத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. பி.எச். 5.5க்குக் கீழே இருந்தும் மஞ்சள் நீங்கவில்லையென்றால்தான் நிக்கல், செம்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றின் மிகையைச் சந்தேகிக்க வேண்டும். இவை மிகும்போது இரும்பு உள்ளே நுழைவதையும் இலைவரை ஏறுவதையும் தடுக்கின்றன.

ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் குட்டையாகி, கருத்து, பக்கவேர் அற்று நின்றால் செம்பின் மிகையாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் போர்டோக் கலவை போன்ற செம்புப் பூஞ்சைக்கொல்லிகள் தெளிக்கப்பட்ட நிலத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே. வேர்நுனி தடித்து மொண்ணையாக இருந்து, பி.எச்.சும் 5க்குக் கீழே இருந்தால் அது அலுமினியத்தின் வேலை. துத்தநாகம் பூசிய தொட்டிகளில் அமிலத்தன்மையுள்ள உரக்கரைசலை ஊற்றி வளர்த்தவர்கள் தொட்டியின் உட்சுவரையும் ஒரு முறை தடவிப் பார்க்கலாம்.

செடியில் குறையே இல்லை. அறிக்கையில் காட்மியம் மிகுந்திருக்கிறது

நடைமுறையில் அதிகம் எதிர்ப்படும் சிக்கல் இதுதான் என்பதால் இதற்குச் சற்று நேரம் கொடுக்க வேண்டும். செடிக்குக் காட்மியத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆனால் வேரில் இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றுக்காகத் திறந்திருக்கும் கடத்திப் புரதங்களுக்குக் காட்மியத்தையும் துத்தநாகத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உள்ளே வந்தபின் துத்தநாகம் செல்லும் பாதையிலேயே காட்மியமும் மேலேறி இலையை அடைகிறது. புகையிலையிலும் இதே கதைதான். புகைப்போரின் இரத்தத்தில் காட்மியம் மிகுந்திருப்பதற்கு அந்த இலையே காரணம். உணவு வழி உண்ணும் காட்மியத்தில் சிறு பங்கே உடலில் சேர, நுரையீரல் வழி நுழைவதில் அதைவிடப் பெரிய பங்கு சேர்ந்துவிடுகிறது. உள்ளிழுக்கும் பொருளுக்கு 0.2 என்றும் மற்றவற்றுக்கு 0.5 என்றும் வரம்பை வேறுபடுத்தியிருப்பது இதனால்தான்.

தேட வேண்டிய வரிசை இது. முதலில் பி.எச். மண் 6.5க்குக் கீழே இறங்க இறங்க, களிமண்ணிலும் மக்கிலும் ஒட்டியிருந்த காட்மியம் கழன்று மண்நீருக்கு வருகிறது. மண்ணின் மொத்தக் காட்மியம் இயல்பான அளவில் இருந்தும் செடியில் மிகுந்திருந்தால் பெரும்பாலும் குற்றவாளி இந்த அமிலத்தன்மைதான். மொத்த அளவை மட்டும் கேட்காமல், உலோகத்தைப் பிடித்திழுக்கும் டி.டி.பி.ஏ. கரைசலில் பிரித்தெடுத்த ‘செடிக்குக் கிடைக்கும்’ அளவையும் ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நிலைமை புரியும். மண் மாதிரியை 0–20 செ.மீ., 20–40 செ.மீ. என்று இரு ஆழங்களில் தனித்தனியே எடுக்க வேண்டும். ஆணிவேர் மேல்மண்ணோடு நின்றுவிடுவதில்லை. மேல்மண் சுத்தமாக இருந்து அடிமண் சதி செய்வதும் உண்டு.

அடுத்தது பாசன நீரின் குளோரைடு. உப்புநீர் பாயும் மண்ணில் குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து கரையும் கூட்டுப்பொருளாகி, சுண்ணாம்பு இட்ட நிலத்திலும் அதை வேரண்டை கொண்டுவந்து சேர்க்கிறது. நீரை மாற்ற முடியாதவர்கள் பொட்டாசியம் குளோரைடை நிறுத்திப் பொட்டாசியம் சல்பேட்டுக்கு மாறுவதாவது செய்யலாம். மூன்றாவது, துத்தநாகக் குறை. துத்தநாகம் போதாத செடி அதைத் தேடிக் கடத்திகளை மேலும் திறந்துவிடுகிறது, அந்த வாசலில் காட்மியம் நுழைகிறது. இதற்குத் துத்தநாக சல்பேட் இடலாம்; ஆனால் அதன் தூய்மைச் சான்றைப் பார்த்து வாங்க வேண்டும். தொழிற்கழிவிலிருந்து தயாரித்த மட்டமான துத்தநாக உரத்திலேயே காட்மியம் கலந்திருக்கும் என்பது இந்தத் துறையின் கசப்பான வேடிக்கைகளில் ஒன்று.

பிறகு பாஸ்பேட் உரம். எல்லோரும் முதலில் கைநீட்டுவது இதன் மேல்தான், ஆனால் வயலுக்கும் தொட்டிக்கும் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1009 ஒழுங்குவிதி பாஸ்பேட் உரங்களில் ஒரு கிலோ பாஸ்பரஸ் பென்டாக்சைடுக்கு (உரத்தின் பாஸ்பேட் சத்தைக் குறிக்கும் கணக்கு இது) 60 மி.கி. காட்மியம் வரை அனுமதிக்கிறது. ஓர் எக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ பென்டாக்சைடு இட்டால், அந்த உச்ச அளவிலும் வந்து சேரும் காட்மியம் 6 கிராம். 20 செ.மீ. ஆழ மேல்மண்ணின் எடை எக்டேருக்குச் சுமார் 2,600 டன் என்று கொண்டால், ஆண்டுக்குக் கூடுவது கிலோவுக்கு 0.0023 மி.கி. மட்டுமே. சென்ற பருவத்தில் இட்ட உரம் இந்தப் பருவத்து அறிக்கையைக் கெடுத்திருக்க முடியாது. ஐம்பது ஆண்டு இட்டது கெடுத்திருக்கலாம். தொட்டியில் நிலைமை தலைகீழ். உலர் எடையில் 10 கிலோ கலவைக்கு 100 கிராம் பாறைப் பாஸ்பேட் கலந்து, அதில் 30 விழுக்காடு பென்டாக்சைடும் மேற்சொன்ன உச்ச அளவுக் காட்மியமும் இருந்தால், ஒரே நாளில் கிலோவுக்கு 0.18 மி.கி. கூடிவிடுகிறது. வயலில் எண்பது ஆண்டுகளில் நேர்வது தொட்டியில் ஒரு கை அள்ளிப் போட்டதில் நேர்கிறது. படிவுப் பாறையிலிருந்து வெட்டிய பாஸ்பேட்டைவிட எரிமலைப் பாறையிலிருந்து வந்ததில் காட்மியம் பொதுவாக மிகக் குறைவு. மூட்டையில் மூலம் குறிப்பிடப்படவில்லையென்றால் விற்பவரிடம் பகுப்பாய்வுச் சான்றைக் கேளுங்கள்.

காட்மியம்தான் என்று உறுதியான பின் சுண்ணாம்பு இட்டு பி.எச். அளவை 6.5க்கும் 7க்கும் இடையில் கொண்டுவருவதே முதன்மையான தீர்வு. சுண்ணாம்புத் தேவையை ஆய்வகம் கணக்கிட்டுத் தரட்டும். நடவுக்குச் சில மாதங்கள் முன்பே இட்டு, வேராழம்வரை நன்கு கலந்துவிட வேண்டும். மேலே தூவியது மேலேயே கிடக்கும். அளவுக்கு மீறி இட்டால் முதல் பகுதியில் சொன்ன மஞ்சள் வரும், துத்தநாகமும் பூட்டிக்கொள்ளும். துத்தநாகம் பூட்டிக்கொண்டால் காட்மியத்துக்கு மறுபடியும் வாசல் திறக்கும்.

ஈயம் மிகுந்திருக்கிறது

ஈயம் வேர் வழியாக மேலேறுவதில் மிகவும் சோம்பேறி. வேரின் செல்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பெரும்பாலும் நின்றுவிடும். எனவே பூங்கொத்தில் ஈயம் மிகுந்தால் முதல் கேள்வி, அது உள்ளே ஏறியதா, வெளியே ஒட்டியதா என்பதே. மழைத்துளி தெறித்த மண்ணும், சாலையோரப் புழுதியும், உரிந்த பழைய வண்ணப்பூச்சின் தூளும் பிசுபிசுப்பான சுரப்பித்தூவிகளில் ஒட்டினால் எளிதில் போவதில்லை. இலையைக் கழுவி, கழுவாததோடு ஒப்பிடுவது வழக்கமான சோதனை. இலைக்கு அது போதும். பிசின் நிறைந்த பூங்கொத்துக்குப் போதாது, ஏனெனில் கழுவிய பின்னும் புழுதி பிசினுக்குள் புதைந்திருக்கும்.

இதைவிட நம்பகமான வழி டைட்டானியத்தைச் சாட்சிக்கு அழைப்பது. டைட்டானியம் மண்ணில் நிறைய உண்டு, செடியோ அதை ஏறக்குறைய எடுப்பதே இல்லை. ஆகவே செடியில் டைட்டானியம் தென்பட்டால் அது ஒட்டிய மண்ணின் அடையாளம். உங்கள் மண்ணில் கிலோவுக்கு 4,000 மி.கி. டைட்டானியமும் 100 மி.கி. ஈயமும் இருப்பதாகவும், பூங்கொத்தில் 20 மி.கி. டைட்டானியம் கிடைத்ததாகவும் வைத்துக்கொள்வோம். 20ஐ 4,000ஆல் வகுத்தால் 0.005, அதாவது பூங்கொத்தின் எடையில் அரை விழுக்காடு வெறும் மண். அந்த அரை விழுக்காட்டு மண் கொண்டுவந்த ஈயம் 0.5 மி.கி. உள்ளிழுக்கும் பொருளுக்கான கலிபோர்னிய வரம்பும் சரியாக 0.5தான். வேர் எதையும் எடுக்காமலேயே, கண்ணுக்குத் தெரியாத புழுதி மட்டுமே வரம்பை நிரப்பிவிட்டது. மண்ணையும் செடியையும் ஒரே முறையில் அமிலத்தில் கரைத்து அளந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும் என்பதை ஆய்வகத்திடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

புழுதிதான் காரணம் என்றால் மண்ணுக்கு மருந்து வேண்டாம். வைக்கோல் மூடாக்கு, தலைக்கு மேல் தெளிப்பதற்குப் பதில் சொட்டுநீர், அடிக்கிளை நீக்கம், சாலைப் பக்கம் ஒரு தடுப்புவேலி ஆகியவை போதும். டைட்டானியம் குறைவாக இருந்தும் ஈயம் மிகுந்திருந்தால் மட்டுமே மண்ணுக்குத் திரும்ப வேண்டும். அங்கே பாஸ்பேட் ஈயத்தைக் கரையாத கனிமமாக மாற்றி முடக்கும்; ஆர்சனிக் இல்லை என்று உறுதிசெய்து கொண்ட பிறகே அதைச் செய்ய வேண்டும். தொட்டியில் எலும்புத்தூள் கலந்திருந்தால் அதையும் ஒரு முறை சோதிக்கலாம்.

சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் இட்ட பிறகு ஆர்சனிக் கூடிவிட்டது

கூடத்தான் செய்யும். மண்ணில் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. மண்ணில் ஆர்சனிக் எடுக்கும் வடிவமான ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் அமைப்பில் இரட்டையர் போன்றவை. பாஸ்பேட் வந்து இடத்தைப் பிடிக்கும்போது ஆர்சனேட் மண்நீருக்குத் தள்ளப்படுகிறது. பி.எச். ஏறும்போது இரும்பு ஆக்சைடின் பிடியும் தளர்கிறது. காட்மியத்துக்குச் சுண்ணாம்பும் ஈயத்துக்குப் பாஸ்பேட்டுமாக நல்லதாக இருந்த இரண்டும் ஆர்சனிக்குக்குக் கெடுதலாகிவிடும் என்று முன்பே எச்சரித்தது இதை வைத்துத்தான்.

உரத்தை மாற்றாமலேயே ஆர்சனிக் கூடியிருந்தால் நீர் தேங்கியதா என்று பாருங்கள். காற்றில்லாத மண்ணில் இரும்பு ஆக்சைடே கரைந்து, பிடித்து வைத்திருந்ததை விட்டுவிடுகிறது. ஆர்சனேட்டும் இன்னும் எளிதில் நகரும் ஆர்சனைட்டாக மாறுகிறது. வடிகாலைச் சீர்செய்வதே இங்கே பாதித் தீர்வு. மீதிப் பாதிக்கு இரும்பு சல்பேட்டை, அது உண்டாக்கும் அமிலத்தன்மையை ஈடுகட்டும் அளவு சுண்ணாம்போடு சேர்த்து இட்டுப் புதிய இரும்பு ஆக்சைடை உருவாக்கலாம். மக்கிய உரம் இங்கே பாதி நண்பன்தான். காட்மியத்தையும் ஈயத்தையும் அது கட்டிப்போட்டாலும், அதிலிருந்து கரையும் கரிமப்பொருள் ஆர்சனிக்கை நகர்த்திவிடக்கூடும்.

ஆர்சனிக் எங்கிருந்து வந்தது என்பதை அதன் கூட்டாளிகள் காட்டிக்கொடுக்கும். குரோமியமும் செம்பும் சேர்ந்து மிகுந்திருந்தால், இம்மூன்றின் கரைசலில் ஊறவைத்த மரப்பலகையால் பாத்திக்கு ஓரம் கட்டியிருக்கலாம். பலகையை ஒட்டிய மண்ணைத் தனியே சோதித்தால் தெரிந்துவிடும். ஈயமும் ஆர்சனிக்கும் மட்டும் இணையாக மிகுந்திருந்தால் பழைய பழத்தோட்டமாக இருக்கலாம். டி.டி.டி. வருவதற்கு முன் ஆப்பிள் தோட்டங்களில் பூச்சிக்கொல்லியாகத் தெளித்தது ஈய ஆர்சனேட்டைத்தான். அந்தச் சேர்மத்தில் ஈயத்தின் எடை ஆர்சனிக்கைப் போல 2.8 மடங்கு, மண்ணின் இயல்பளவைக் கழித்த பிறகு இவ்விரண்டின் விகிதம் அதை ஒட்டி வந்தால் நிலத்தின் பழைய வரலாற்றைத் தேடிப் பார்ப்பது பயன் தரும். கடற்பாசித்தூளிலும் ஆர்சனிக் உண்டு என்பதைத் தொட்டியில் வளர்ப்போர் மறக்க வேண்டாம்.

பாதரசம் தென்படுகிறது

இதற்கு வேரைவிட இலையைப் பாருங்கள். காற்றிலுள்ள பாதரச ஆவியை இலைத்துளைகளே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. மூடிய கூடத்தில் உடைந்த குழல்விளக்கு, அருகில் நிலக்கரி எரிக்கும் ஆலை ஆகியவற்றை முதலில் விசாரித்துவிட்டு மண்ணுக்கு வாருங்கள்.

ஒரே வயல், இரண்டு அறிக்கை, இரண்டு முடிவு

சண்டைக்குப் போகுமுன் அலகைப் பார்க்கவும். மைக்ரோகிராம்/கிராமும் மி.கி./கிலோவும் ஒன்றே, மைக்ரோகிராம்/கிலோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடுத்தது ஈரம். 78 விழுக்காடு ஈரமுள்ள பச்சைப் பூங்கொத்தில் 0.05 மி.கி. காட்மியம் என்று வந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உலர் எடைக்கு மாற்ற 0.22ஆல் வகுத்தால் 0.227 ஆகி, தேறியது தவறிவிடும். எந்த அடிப்படையில் எழுதப்பட்டது என்று குறிப்பிடாத அறிக்கையை ஒப்பீட்டுக்கே எடுக்கக் கூடாது.

கருவியும் ஏமாற்றும். கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுமானியில் ஈயத்தின் ஒரு கோடும் ஆர்சனிக்கின் முதன்மைக் கோடும் 10.5 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. ஈயம் மிகுந்த மண்ணில் அது காட்டும் ஆர்சனிக் எண்ணை அப்படியே நம்ப முடியாது. அணுக்களை நிறையின்படி பிரித்து எண்ணும், நிறைமானியோடு இணைந்த ஐ.சி.பி. கருவியிலும் ஒரு கண்ணி உண்டு. மாதிரியில் குளோரைடு மிகுந்தால் ஆர்கானும் குளோரினும் சேர்ந்து நிறை எண் 75இல் ஆர்சனிக்கின் வேடம் போடும்; இந்தப் போலியை வடிகட்டும் மோதல் கலம் வைத்து இதைத் திருத்தினார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இவை எதுவும் இல்லையென்றால் மாதிரியே காரணம். வயலின் ஒரு மூலையில் பழைய சாம்பல் குவிந்த இடம் இருந்தால் அங்கே எடுத்த ஒரு பிடி மண் முழு வயலையும் குற்றவாளியாக்கிவிடும். பதினைந்து இருபது இடங்களில் எடுத்து, கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக் குறைத்து அனுப்ப வேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் கலக்கக் கூடாது.

பூங்கொத்து தேறியது, சாறு தேறவில்லை

ஐந்து கிலோ பூங்கொத்திலிருந்து ஒரு கிலோ சாறு எடுத்து, உலோகமும் முழுதும் அதோடு வந்தால், 0.1 என்றிருந்த காட்மியம் 0.5 ஆகும். முழுதும் வருவதில்லை, ஆனாலும் வரம்பை ஒட்டித் தேறிய சரக்கைச் சாறெடுக்க அனுப்புவது சூதாட்டமே. குரோமியமும் நிக்கலும் மட்டும் கூடியிருந்தால் அரைக்கும் எந்திரத்தின் எஃகைப் பாருங்கள். ஆவியாக்கும் கருவியில் நிரப்பிய பிறகு ஈயம் கூடியிருந்தால் அதன் பித்தளைப் பாகங்களையும் பற்றாசையும் பாருங்கள். மண்ணோடு தொடர்பே இல்லாத வழியும் உண்டு: 2007இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கள்ளச் சந்தைக் கஞ்சாவில் எடை கூட்டுவதற்காக ஈயத்தைக் கலந்திருந்ததால் பலர் ஈய நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

எல்லாம் செய்தும் குறையவில்லை

இந்தச் செடியையே சில பருவங்கள் பயிரிட்டு மண்ணைச் சுத்தம் செய்துவிடலாம் என்ற யோசனை அடிக்கடி வரும். செர்னோபில் அருகேயும் 1990களின் இறுதியில் இதைச் சோதித்தார்கள். கணக்கோ அவ்வளவு ஊக்கம் தருவதில்லை. எக்டேருக்கு 10 டன் உலர் விளைச்சலும் அதில் கிலோவுக்கு 2 மி.கி. காட்மியமும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் ஒரு பருவத்தில் வெளியேறுவது 20 கிராம். மேல்மண்ணில் கிலோவுக்கு 1 மி.கி. இருந்தால் அங்கே கிடப்பது 2,600 கிராம். ஒரு தலைமுறைக்குள் முடிகிற வேலையில்லை. மருந்துக்கோ உணவுக்கோ பயிரிட அந்த நிலம் வேண்டுமென்றால், வேர் ஊடுருவாத விரிப்பின் மேல் சோதித்த மண்ணைக் கொட்டி உயரப் பாத்தி அமைப்பது செலவானாலும் நேரான வழி. இல்லையென்றால் அந்த நிலத்தைக் கட்டுமானத்துக்கும் கயிற்றுக்குமான நாருக்கு ஒதுக்கிவிடலாம்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வரம்பில் தவறிய பயிரின் தண்டையும் இலையையும் அதே வயலில் மக்கவிடவோ எரித்துச் சாம்பலைத் தூவவோ கூடாது. எரித்தாலும் காட்மியமும் ஈயமும் அழிவதில்லை. மூட்டை கட்டி, நிலத்தின் பெயரும் அறிக்கை எண்ணும் எழுதி, அபாயக் கழிவைக் கையாள அனுமதி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.